சாலிக்குப் பின் ஷொக் வாங்கும் முன்

 

கொஞ்சம் நீளமான பதிவு. சாலி வைத்திருப்பவர்களும், ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள். போன மாதம் எங்கள் சாலியின் படத்தைப் போட்டதிலிருந்து "பின் ஷொக் எங்க வாங்கினீங்க? என்ன சாமான்? எவ்வளவு?" என்று இன்பொக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கடையின் பெயரையும் விலையையும் இங்கே எழுதப் போவதில்லை. இன்று இருக்கிற சாமான் நாளை அந்தக் கடையில் இருக்காது, விலையும் நிற்காது. எப்படிப் பார்த்து எடுப்பது என்பது மட்டும் மாறாது. அதை எழுதுகிறேன்.

தெரியாத பிள்ளைகளுக்கு முதலில் இரண்டு வரி. சாலி என்பது 1972இல் ஹொண்டா ஜப்பானில் வெளியிட்ட சின்ன மோட்டார் சைக்கிள். 50 சிசி, 70 சிசி என்று வந்தது. 10 அங்குலச் சில்லு, கால் வைத்து ஏற நடுவில் இடம், கிளச் பிடி கிடையாது. சேலையோடும் அபாயாவோடும் சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம். அதனால்தான் இலங்கையில் எத்தனையோ ரீச்சர்மாரின் வண்டியாக அது இருந்தது. அதே குடும்பத்தில் டாக்ஸ் 1969இல் வந்தது. மங்கி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு 1974இல்தான் பின்னால் ஷொக்கே வந்தது. அதுவரை சீற்றுக்கும் வீதிக்கும் நடுவில் ரயர் மட்டும்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தப் பழைய வண்டிகளின் மவுசு ஏறிவிட்டது. 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று வந்தபோது, அந்த 4 லீற்றரில் ஒரு கிழமையை ஓட்டிக் காட்டிய வண்டி இது. இப்போது அதைப் பளபளவென்று பூசி, விழாவுக்குக் கொண்டுபோகிற பொடியன்மாரும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் என் வீட்டில் சாலி விழாவுக்குப் போகிற வண்டி அல்ல. இவர் புத்தளத்தில் கடையோடு இருக்கிறார். இங்கே நானும் உம்மாவும் மகளும். பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் போவதும், ஒன்பது வயது மகளை ஏற்றி இறக்குவதும், மாதம் ஒருமுறை உம்மாவைப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவதும் இதில்தான்.

பிரச்சினை உம்மாவின் முதுகில் தொடங்கியது. முள்ளந்தண்டில் தேய்மானம் என்று சொல்லி, "குலுக்கல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியதும் உம்மா சொன்னா: "மகள், இனி நான் உதில ஏற மாட்டன். ஓட்டோ பிடிச்சுத் தா." ஓட்டோ பிடிக்கலாம். ஆனால் உம்மாவுக்குக் கிளினிக் மட்டுமா? சாச்சியைப் பார்க்க வேண்டும், கலியாண வீட்டுக்குப் போக வேண்டும், பின்னேரம் பண்ணைக் காற்று வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓட்டோ பிடிக்க ஆசிரியர் சம்பளம் போதாது. போதாது என்று தெரிந்தால் உம்மா கேட்கவே மாட்டா. வீட்டோடு இருந்துவிடுவா. எனக்குப் பயம் அதுதான்.

ஷொக் மாற்ற வேண்டுமா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். வண்டியின் பின்பக்கத்தைக் கையால் பலமாக அமுக்கி விடுங்கள். ஒருதரம் மேலே வந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று தரம் துள்ளினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. ஷொக்கில் இரண்டு சாமான்கள் இருக்கின்றன. வெளியே தெரியும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே எண்ணெய்க்குள் ஓடும் பிஸ்டன் அந்தத் துள்ளலை அடக்குகிறது. ஸ்பிரிங் மட்டும் நல்லாக இருந்து எண்ணெய் போய்விட்டால், அது ஷொக் அல்ல, வெறும் மெத்தைக் கம்பி. தடியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் இருந்தால் சீல் போய்விட்டது.

அடுத்தது, பின் சில்லைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று அசைந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம், இல்லாவிட்டால் சில்லின் பெயரிங். அது போயிருக்கும்போது எவ்வளவு விலையான ஷொக் போட்டாலும் வண்டி வாலை ஆட்டும். எங்கள் வண்டியில் புஷ்ஷும் போய்த்தான் இருந்தது. முதலில் அதை மாற்றினோம்.

வேலை செய்து தந்த மெக்கானிக் அண்ணை, யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்து ஆள். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத இந்தக் குடாநாட்டில் சி50யையும் சி90யையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த கைகள். பழைய ஷொக்கைத் திருத்தலாமா என்று கேட்டேன். கையில் வாங்கித் தடியை நகத்தால் தடவிக் காட்டினார். குரோம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அரிப்பு. "ரீச்சர், புது சீல் போட்டாலும் இந்தத் தடி ஒரு மாசத்தில கிழிச்சுப் போடும். பண்ணை உப்பு. வெட்டி எண்ணெய் மாத்தி ஒட்டலாம், ஆனா பின்னால அம்மாவை ஏத்துறதெண்டால் நான் ஒட்டித் தர மாட்டன்" என்றார். வெட்டி ஒட்டித் தருகிற இடங்களும் இருக்கின்றன. ஒன்று மட்டும் சொல்கிறேன்: காஸ் அடைத்த ஷொக்கை யாரும் துளைக்கவோ சூடாக்கவோ விடாதீர்கள். உள்ளே அமுக்கத்தில் நைதரசன் இருக்கும். ஆளைக் காயப்படுத்திவிடும்.

இனி அளவு. கடைக்குப் போகும் முன் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

1. நீளம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சில்லு தொங்கும்போது, மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடு வரை அளக்க வேண்டும். மொத்த நீளத்தை அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

2. இரண்டு முனைகளும். மேலே வளையம், கீழேயும் வளையமா, இல்லை கவை மாதிரிப் பிளந்திருக்கிறதா? போல்ட் எத்தனை மி.மீ.? வளையத்தின் அகலம் எவ்வளவு? உள்வளையம் பெரிதாக இருந்தால் சரியான உருக்குப் புஷ் கடைந்து போட வேண்டும். ரியூப் ரப்பரைச் சுற்றி இறுக்குவது வேலையல்ல.

3. ஓட்டம், அதாவது ஷொக் எத்தனை மி.மீ. அமுங்கும் என்பது. ஷொக்குகளைக் கழற்றிவிட்டு, ரயர் மட்காட்டை முட்டப் போகும் அளவுக்குச் சில்லை மெல்ல உயர்த்தி, இரண்டு போல்ட் துளைகளுக்கும் இடையில் அளவெடுங்கள். புது ஷொக் முழுதாக அமுங்கிய பின்னும் அதன் நீளம் இந்த அளவைவிடக் கூட இருக்க வேண்டும். குறைந்தால் பெரிய பள்ளத்தில் ரயர் மட்காட்டைத் தின்னும்.

4. பக்கத்து இடைவெளி. இடப்பக்கம் செயின், வலப்பக்கம் புகைக்குழாய். தடித்த ஸ்பிரிங் இரண்டில் ஒன்றில் உரசலாம்.

5. உங்கள் வீட்டில் யார் யார் பின்னால் இருக்கிறார்கள், அவர்களின் நிறை எவ்வளவு. இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் எழுத வேண்டியதே இதைத்தான்.

ஒரு கடையில் நான் இந்த அளவுகளை நீட்டியபோது, நின்ற தம்பி துண்டைப் பார்க்கவே இல்லை. "ரீச்சர், அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நாங்கள் பாத்துக் குடுக்கிறம்" என்றார். சிவப்பு ஸ்பிரிங், பக்கத்தில் தனிக் குப்பி வைத்த ஒரு சோடியை எடுத்து மேசையில் வைத்தார். "இப்ப எல்லாரும் இதுதான் போடினம்." என் பையில் இருந்த அளவு நாடாவால் அளந்தேன். எங்கள் பழைய ஷொக்கைவிட 25 மி.மீ. நீளம். "கொஞ்சம் உயரமா நிண்டால் வடிவுதானே" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த 25 மி.மீ. என்ன செய்யும்? சாலியின் இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான தூரம் ஒரு மீற்றரைச் சற்றுத்தான் தாண்டும். வால் 25 மி.மீ. உயர்ந்தால் வண்டி முழுவதும் ஒரு பாகைக்கு மேல் முன்னால் சாய்கிறது. முன் கவர் அந்தளவுக்கு நிமிர்ந்து நிற்கும். ஏற்கனவே சின்னச் சில்லு. ஹாண்டில் இன்னும் படபடக்கும். பண்ணைப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது அது என்னவென்று அதில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். நடு ஸ்டாண்டில் விட்டாலும் பின் சில்லு நிலத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். செயினின் தளர்ச்சியும் மாறும். கட்டையான ஷொக் போட்டால் இதற்கு மறுபக்கம்: ஸ்டாண்டில் ஏற்றுவது கஷ்டம், வளைவில் கால்தாங்கி உரசும், மட்காட்டில் ரயர் முட்டும். ஆகவே பழைய நீளமே நல்ல நீளம். சில மி.மீ. வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம்.

சின்னச் சில்லு என்றேன். அது எவ்வளவு சின்னது என்று மகளோடு கணக்குப் பார்த்தோம். 3.50-10 ரயர் போட்ட சாலிச் சில்லின் மொத்த விட்டம் சுமார் 43 சென்ரிமீற்றர். சி90இன் 17 அங்குல ரிம் மட்டுமே, ரயர் இல்லாமல், அதே 43 வரும். 20 சென்ரிமீற்றர் அகலமான ஒரு பள்ளத்தில் சி90இன் சில்லு 1.8 சென்ரிமீற்றர் அளவு இறங்கினால், சாலியின் சில்லு 2.4 இறங்கும். 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்த பிறகு புகையிரதக் கடவைகளும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் இந்த வித்தியாசத்தை முதுகு உணரும். பெரிய சில்லு செய்கிற வேலையில் ஒரு பங்கைச் சாலியில் ஷொக்தான் செய்ய வேண்டும்.

இப்போது ஸ்பிரிங். உயர்தரம் படித்தவர்களுக்கு ஊக்கின் விதி ஞாபகம் இருக்கும்: பாரம் இரண்டு மடங்கானால் அமுங்குவதும் இரண்டு மடங்கு. நான் ஓட்டும்போது என் நிறையில் பின் சில்லுக்குப் போவது ஏறக்குறைய 37 கிலோ என்று வைத்துக்கொண்டேன். மகளும் பையும் 33 கிலோ. உம்மா 70 கிலோ. பின்னால் இருப்பவரின் நிறை கிட்டத்தட்ட முழுவதும் பின் சில்லுக்குத்தான். ஷொக் இரண்டு என்பதால் பாரம் பாதி பாதி.

1 மி.மீ. அமுங்க 1.5 கிலோ கேட்கும் மெல்லிய ஸ்பிரிங் என்றால்: தனியே போகும்போது 12 மி.மீ., மகளோடு 23, உம்மாவோடு 36. வண்டியின் சொந்த நிறைக்கும் ஒரு 10 மி.மீ. போய்விடும். ஷொக்கின் ஓட்டம் 60 மி.மீ. என்று வைத்தால், உம்மா ஏறிய பிறகு பள்ளத்துக்கு மிச்சம் 14தான். அது முடிந்ததும் இரும்பும் இரும்பும் அடிபடும். அந்த அடி நேரே முள்ளந்தண்டுக்கு.

அப்படியென்றால் கடினமானதை எடுப்போமா? 3 கிலோ கேட்கும் ஸ்பிரிங்கில் உம்மாவோடு 18 மி.மீ.தான் அமுங்கும். ஆனால் தனியே போகும்போது வெறும் 6. அதில் நானும் மகளும் ஒவ்வொரு கல்லையும் எண்ணிக்கொண்டு போகலாம். நடுவில் 2 கிலோ அளவு எங்களுக்குச் சரி: தனியே 9, மகளோடு 17 அல்லது 18, உம்மாவோடு 27. பொதுவாக, ஆள் ஏறிய பிறகு ஓட்டத்தில் மூன்றிலொரு பங்கு அளவு அமுங்கி நின்றால் நல்லது. பாரமான ஆள் ஏறும்போது அதைக் கொஞ்சம் தாண்டும். அதற்குத்தான் ஷொக்கின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம். அதைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் மாறுவதில்லை. தொடக்கத்திலேயே கொஞ்சம் அமுக்கி வைப்பதால் வண்டி உயர்ந்து நிற்கும், பள்ளத்துக்கு இடம் மிஞ்சும். அவ்வளவுதான்.

பெட்டியில் ஸ்பிரிங்கின் அளவு எழுதியிருக்காதே என்று கேட்பீர்கள். எழுதியிருக்காதுதான். வீட்டில் பார்க்கலாம். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை, வண்டியை ஒருவர் பிடித்திருக்க, பின் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். வைக்க முன்னும் பின்னும், அச்சிலிருந்து மட்காட்டில் ஒரு புள்ளி வரை அளவெடுங்கள். 50 கிலோ, இரண்டு ஷொக், ஒன்றுக்கு 25. 12 அல்லது 13 மி.மீ. இறங்கினால் உங்கள் ஸ்பிரிங் 2 கிலோவுக்குக் கிட்ட. ஷொக் சரிந்து நிற்பதால் கொஞ்சம் வித்தியாசம் வரும். வீட்டுக் கணக்குக்கு இது போதும். மூட்டையை இறக்கிய பிறகு உம்மாவையே ஏற்றிப் பார்த்தோம். "என்னையும் அரிசியோட சேத்துட்டியா" என்று சிரித்தா.

ஜப்பானில் தக்கேகாவா, கிட்டாக்கோ போன்ற நிறுவனங்கள் இந்தச் சின்ன ஹொண்டாக்களுக்கென்றே சாமான் செய்கின்றன. தாய்லாந்தில் வைஎஸ்எஸ் ஷொக் செய்கிறது. ரூபாய் இருக்கிற நிலையில் அவற்றைப் பார்த்து ஆசைப்படலாம். 100 சிசி இந்திய வண்டிகளின் ஷொக் இங்கே மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவை பெரிய சில்லுக்கும் பெரிய உடம்புக்கும் செய்தவை. நீளமும் கூட, ஸ்பிரிங்கும் கடினம். காஸ் ஷொக்கா எண்ணெய் ஷொக்கா என்ற கேள்விக்கு: வேகமாக இடைவிடாமல் ஆடும்போது எண்ணெய் நுரைக்காமல் இருக்கக் காஸ் உதவும். 40இல் போகும் சாலிக்கு நல்ல எண்ணெய் ஷொக் தாராளம். அதைத் தலைகீழாகப் பூட்டக் கூடாது, அவ்வளவுதான்.

கடைசியில் நான் எடுத்தது பழைய நீளத்திலேயே வந்த, சாதாரண எண்ணெய் ஷொக் சோடி. ஐந்து படி வளையம் இருக்கிறது. மேற்பகுதியில் தகர மூடி. பழைய கப் வண்டிகளில் இந்த மூடி எல்லாவற்றுக்கும் இருக்கும். இப்போது ஸ்பிரிங் வெளியே தெரிந்தால்தான் ஸ்டைல். எங்கள் ஊருக்கு மூடிதான் வேண்டும். பண்ணையில் தெறிக்கிற உப்பையும் மணலையும் தடியில் படாமல் அதுதான் தடுக்கும். சிவப்புச் சோடியைவிட விலையும் குறைவு. இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் ஸ்விங் ஆர்ம் முறுக்குப்படும். பூட்டிய பிறகு, ஆள் இருக்கும்போது செயினின் தளர்ச்சியைப் பாருங்கள். 50 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். பாலம் தாண்டி வந்த அன்று நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

பழைய சோடியை எறியவில்லை. உம்மா எறிய விடவில்லை. 1990 ஒக்டோபர் 30இல் வாப்பாவின் சி50 முற்றத்தில் நிற்க, பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வீட்டைப் பூட்டியவ அவ. நான் அதற்குப் பிறகு பிறந்தவள். "இரும்பு என்ன சாப்பாடா கேக்குது, கிடக்கட்டும்" என்றா. அந்தச் சோடியின் தகர மூடிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

மாற்றிய பிறகு நான்கு முறை கிளினிக் போய் வந்துவிட்டோம். உம்மாவின் முதுகு வலி போய்விட்டது என்று சொன்னால் அது பொய். தேய்ந்த எலும்பை ஷொக் திருத்தாது. ஆனால் இறங்கும்போது இடுப்பைப் பிடிப்பதில்லை. போன வெள்ளி அஸருக்குப் பிறகு, "பண்ணைப் பக்கம் ஒருக்காப் போவமா?" என்று அவவே கேட்டா. வளையத்தை இரண்டு படி ஏற்றிவிட்டுப் போனோம்.

உங்களிடம் உடைந்த சாலி, கப் ஷொக்குகள் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட முன் மூடிகளையும் போல்ட்டுகளையும் கழற்றி வையுங்கள். யாருக்காவது தேவைப்படும், கீழே எழுதினால் ஆளை ஆளுக்குச் சேர்த்துவிடலாம். சாமான் வாங்கத் தனியே போகிற தங்கச்சிமாருக்கும் ராத்தாமாருக்கும்: அளவுகளை ஒரு துண்டில் எழுதி, ஒரு அளவு நாடாவும் கொண்டு போங்கள். கடைக்காரர் எடுத்துத் தருவதை அவருக்கு முன்னாலேயே அளந்து பாருங்கள். அளக்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை பின்னேரம் வண்டியோடு வீட்டுக்கு வாருங்கள். நாடா நான் தருகிறேன், தேத்தண்ணி உம்மா தருவா.